செவக்காத கூழ்வத்தல்

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. இதெல்லாம் மெதுவாச் சொல்ற சங்கதின்னு நம்மளைப் பழக்கி வச்சிருக்காங்க, அதனால மெதுவாவே ஆரம்பிக்கிறேன். சாத்தூர் பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்கிற தவமணியோட சம்சாரம் ஜெயக்கொடி இருக்காளே, அவளைப் பத்தினது. கெட்டிக்காரின்னு பேர் வாங்குனவள். வீட்டுல எது உடைஞ்சாலும் உடைஞ்சது தெரியாம ஒட்டவைக்கிற கை. கடைக்கு மேலயே வீடு, வீட்டுக்கு மேல மொட்டைமாடி. சித்திரை மாசத்துல ஒரு நாள், காலையிலயிருந்து உச்சிப்பொழுது வரைக்கும் அந்த மாடியில கூழ்வத்தலுக்குக் காவல் இருந்தாள். வெளியில நடந்தது அவ்வளவுதான். காக்கா வந்துது, போச்சு. மருமகள் மோர் கொண்டாந்தாள். மத்ததெல்லாம் உள்ளுக்குள்ள நடந்தது.

தண்ணி டேங்கு நிழல்ல சாக்கை விரிச்சு உக்காந்திருந்தாள். எதிர்ல வரிசை வரிசையா வத்தல். மேற்குப் பக்கம் வீட்டுக்காரரோட பழைய வேட்டியில பாதி, கிழக்குப் பக்கம் ஒரு பழைய வாயில் சேலையில பாதி, நடுவுல காக்காவுக்குப் பயங்காட்ட விரிச்சுவச்ச கறுப்புக் குடை. வேட்டி பத்தாமப் போச்சுன்னு அவசரத்துல டிரங்குப்பெட்டிக்குள்ள கையை விட்டு ஆம்பிட்டதை உருவிக்கொண்டாந்த சேலை அது. அதை எடுத்துட்டுப் படியேறுற வழியிலதான் அடிவயித்துல ஒரு இழுப்பு, தொடையில ஒரு ஈரம். வேர்வைன்னுதான் நினைச்சாள். இப்பல்லாம் எல்லாமே வேர்வையாத்தானே இருக்கு. திரும்பி இறங்கி பாத்ரூமுக்குள்ள போய்ப் பாத்தா வேர்வை இல்லை. பாத்துக்கிட்டே நின்னாள். வாளி நிரம்பித் தண்ணி காலை நனைச்சப்பத்தான் குழாயைத் திறந்து விட்டிருந்ததே ஞாபகம் வந்துது. கழுவினாள், துணி வச்சாள், சேலையை மாத்தினாள், மாடியேறி வந்து மிச்சக் கூழை அச்சுல நிரப்பிப் பிழிஞ்சாள். பிழிஞ்ச கை நடுங்கலை. வளையம் வளையமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, எப்பவும் போல. அதைத்தான் இப்ப திரும்பத் திரும்ப நினைக்கிறாள். ஏன் நடுங்கலை? நடுங்கியிருக்க வேண்டாமா? வீட்டுக்குத் தூரமானவள் தொட்டா கூழ்வத்தல் செவந்துபோகும்; மாமியார் சொன்னது, மாமியாருக்கு அவங்க மாமியார் சொன்னது, இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் சொல்றது. அப்படின்னா மேற்கால கெடக்கிறது சுத்தம், கிழக்கால கெடக்கிறது தீட்டு. கிழக்கால கெடக்கிறது செவக்கணும். செவந்தா நல்லது. வத்தல் கெட்டுப்போகணும்னு வேண்டிக்கிட்டு ஒரு பொம்பளை காவல் இருப்பாளா? இருந்தாள். செவந்துட்டா இது சும்மா தூரம்தான். போன வருசம் மாசியோட நின்னுபோனது, எங்கெங்கயோ சுத்திட்டு வழி கண்டுபிடிச்சு வீடு வந்து சேந்திருக்கு, அவ்வளவுதான். செவக்கலைன்னா. செவக்கலைன்னா என்னங்கிறது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சதனாலதான் மனசு அந்த இடத்துக்கு வந்ததும் சட்டுன்னு கைப்பிடிச்சுவர்ப் பக்கம் திரும்பி, அங்க உக்காந்திருந்த காக்காவைப் பிடிச்சுக்கிட்டது. ச்சூ. போ அங்கிட்டு. அது போகலை. தலையைச் சாய்ச்சு அவளை ஒரு கண்ணால பாத்துது, உனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கிற மாதிரி.

"அத்தே! மோரு!" படிக்கட்டு முனையில மருமகள் அனுசியாவோட தலை மட்டும் தெரிஞ்சுது.

"அங்கனயே வையி. மேல ஏறிராத."

"ஏறலை அத்தே. கடைசிப் படியிலதான் நிக்கேன். என் நெழலுகூட வத்தல் மேல படலை பாருங்க."

"நெழலு படலை, வாய்தான் பட்டுக்கிட்டே இருக்கு."

அவள் சிரிச்சாள். நேத்து ராத்திரியிலயிருந்து அனுசியா தூரம். அதனாலதான் இந்த வருசம் கூழ் காய்ச்சினதுலயிருந்து பிழிஞ்சது வரைக்கும் ஜெயக்கொடி ஒருத்தியே. "மொகமெல்லாம் ஏன் அத்தே இப்படிச் செவந்துகெடக்கு? கீழ வாங்க. காக்கா தின்னா தின்னுட்டுப் போகுது. கடையில பாக்கெட் பாக்கெட்டா விக்கிறான்."

"பாக்கெட் வத்தல் திங்கிற வாயா உங்க மாமனாருக்கு? போ, போய்ச் சோத்தை வடி. வேணாம், அடுப்பையும் தொடாத. சும்மா இரு."

"சும்மா இருக்கிறது ஒரு சுகந்தான்"ன்னு சொல்லிக்கிட்டே அவள் இறங்கிப்போனாள். செம்பு படியிலயே இருந்தது. எந்திரிச்சுப்போய் எடுக்கணும். எடுக்கலை.

முகம் செவந்துதான் இருந்தது. செவக்க வேண்டியது செவக்கலை, முகம் செவந்துபோச்சு. வெயிலுக்கு இல்லை, அவள் நிழல்லதானே இருக்கிறாள். இது அந்தக் காந்தல். முதல்ல நெஞ்சு படபடன்னு அடிக்கும், என்னமோ பெரிசா மறந்துட்ட மாதிரி, வாசல்ல யாரோ கெட்ட சேதியோட வந்து நிக்கிற மாதிரி. அப்புறம் மாருக்கு நடுவுல யாரோ தீக்குச்சி உரசுவாங்க. அது கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, உச்சந்தலையில போய் முட்டும். முட்டினதும் வேர்வை, குளிச்சு எந்திரிச்ச மாதிரி. வேர்வை காயும்போது குளிரும். சித்திரை வெயில்ல குளிருதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்ல? புஷ்பக்காவுக்கு இது வந்தப்ப வீட்டுல எல்லாருக்கும் எவ்வளவு சிரிப்பு. புஷ்பக்கா, வீட்டுக்காரருக்கு மூத்தவரோட சம்சாரம். பேரு தங்கபுஷ்பம். அப்ப ரெண்டு குடும்பமும் ஒரே அடுப்பு. சமைச்சுக்கிட்டு இருக்கும்போதே கரண்டியைப் போட்டுட்டுப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, கதவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிப்பாங்க. தக்காளியும் மாவும் இருக்கிற தட்டுக்கு மேல அவங்க மூஞ்சி. மூத்தவர் மகள்கிட்டச் சொல்லுவார், "உங்கம்மாவை உள்ள வச்சுக் கதவை மூடு, நாலு நாளைக்குக் கெடாது." வீடே சிரிக்கும். ஜெயக்கொடியும் சிரிச்சாள். ஒருநாள் அவளே ஒரு காரியம் பண்ணினாள், ஃப்ரிட்ஜுக்கு முன்னால ஒரு முக்காலியைக் கொண்டாந்து போட்டாள். "நின்னுக்கிட்டே எதுக்குக்கா, உக்காந்து அனுபவிங்க." அக்காவும் சிரிச்சுக்கிட்டே உக்காந்தாங்க. அந்தச் சிரிப்பு எப்படி இருந்துதுன்னு அப்பப் பாக்கலை. இப்பத் தெரியுது, வாய் மட்டும்தான் சிரிச்சுது. அந்த முக்காலி இன்னும் அடுப்படியிலதான் கெடக்கு. போன ஆவணியில ஒரு மத்தியானம், வீட்டுல யாரும் இல்லாதப்ப, ஜெயக்கொடி அதை இழுத்துப்போட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால உக்காந்தாள். உக்காந்து அழுதாள். குளிர்காத்து மூஞ்சியில அடிக்க அடிக்க அழுதாள்.

அழுகையும் இப்பத்தான். முன்னால அவள் அழுது யாரும் பாத்ததில்லை. இப்ப டிவியில விளம்பரத்துக்குக் கூட அழுகை. அழுகை இல்லைன்னா கோவம். தைப்பொங்கலன்னைக்கு டம்ளரைத் தூக்கி எறிஞ்சாளே, எதுக்கு? காப்பியில சீனி கம்மின்னு வீட்டுக்காரர் சொன்னதுக்கு. கம்மிதான், சீனியே போடலை, மறந்துபோச்சு. எதை எடுத்தாலும் மறதி. அடுப்பைப் பத்தவைக்க மறந்துட்டுப் பாலுக்குக் காவல் நிக்கிறது, கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடுறது. தும்மினா ரெண்டு சொட்டு மூத்திரம். படியேறினா முட்டி கடகடங்குது. தூக்கமும் இல்லை, போர்வையை உதறுறதும் இழுக்கிறதுமாக் கெடந்தா பக்கத்துல படுக்கிற மனுசன் என்ன பண்ணுவார்? ஒருநாள் தலையணையை எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போனார், அதோட போனவர்தான். "உனக்குக் காத்தோட்டமா இருக்கும்"னு சொல்லிட்டுப் போனார். அதுக்கு முன்னாலயே அவள் அவரை ஒதுக்கிட்டாள்ல. தொட்டா எரிச்சல், உள்ள காஞ்சுபோய், கத்தி வச்சுக் கீறுன மாதிரி. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாம, "இந்த வயசுல உங்களுக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டுட்டாள். கடையில பாத்திரம் நெளிஞ்சா தட்டி எடுப்பார் அந்த மனுசன், மரச்சுத்தியால, மெதுவா, காயம் படாம. அன்னைக்கு அந்த மூஞ்சி நெளிஞ்சதைப் பாத்தும் அவள் தட்டி எடுக்கலை. கெட்டிக்காரியாம். எங்க போச்சு கெட்டிக்காரத்தனம்? வலியை மறைக்கிறதுக்குக் கோவத்தை எடுத்து வெளியில வச்சாள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

காக்கா ரெண்டாச்சு. ஒண்ணு குடைக்கு மேலயே வந்து உக்காந்துது. எந்திரிச்சு விரட்டினாள். எந்திரிச்ச சாக்குல கிழக்கால போய்க் குனிஞ்சு பாத்தாள். ஓரமெல்லாம் காஞ்சு தூக்கிக்கிட்டு வருது, நடு இன்னும் ஈரம். வெள்ளை. மேற்கால போய்ப் பாத்தாள். வெள்ளை. ரெண்டு வெள்ளையும் ஒண்ணா, ஒரு வெள்ளை கூடவா? கண்ணைச் சுருக்கிப் பாத்தாள். இன்னும் காயணுமோ என்னமோ. சாயங்காலம் செவக்குமோ. மாமியார் எப்பச் செவக்கும்னு சொல்லலையே. யாராவது செவந்து பாத்திருக்காங்களா? பாத்தவங்களை யாரையும் அவளுக்குத் தெரியாது. செவந்துரும்னு சொன்னவங்களைத்தான் தெரியும். வர்ற செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் பொங்கல். அந்தக் கோயில்ல முதல் பானை வைக்கிறது முழுக்கு நின்ன பொம்பளைதான், மத்தவங்க பானையெல்லாம் அதுக்கப்புறம். புஷ்பக்கா ரெண்டு வருசம் வச்சாங்க. இந்த வருசம் ஜெயக்கொடின்னு ஊர்ல முடிவாகியிருக்கு. சொல்லப்போனா, நின்னுபோச்சேன்னு அவள் மனசு சுருங்கிக் கெடந்த நாள்ல, அந்த முதல் பானைதான் ஒரு நிமிர்வு குடுத்துது. சரி, நின்னதுக்கும் ஒரு மரியாதை இருக்குன்னு. புதுப்பானை வாங்கி மஞ்சள் பூசி வச்சாச்சு. இப்பப் போய்ச் சொன்னா? சொன்னா பானை போச்சு. இன்னும் ஒரு வாரம்தானே. பொங்கல் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது. ஒளிச்சுப் பண்றதுதான் நமக்குக் கைவந்ததாச்சே. பொங்கல் முடியட்டும்.

முடியட்டும்னு இதுக்கு முன்னால சொன்னது எப்ப? அங்க போகாதன்னு மனசைப் பிடிச்சு இழுத்தாள். அது அங்கதான் போச்சு. "கல்யாணம் முடியட்டும்கா." புஷ்பக்கா மகள் செல்வராணி கல்யாணம். பந்தக்கால் ஊணப்போற நேரம். அக்காவுக்கு அப்ப நின்னு வருசங்கூட ஆயிருந்துது, காந்தலும் அடங்கி, ஃப்ரிட்ஜுப் பக்கமே போறதில்லை. ஒருநாள் துணி துவைக்கிற இடத்துல வந்து ஜெயக்கொடி காதுல, சின்னப்பிள்ளை மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு, "ஏ, மறுபடியும் வந்துருச்சுடி"ன்னாங்க.

"என்னது வந்துருச்சு?"

"அதுதான். எனக்கு இன்னும் வயசாகலை போல."

"அடேயப்பா! மக கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை வீட்டுல உங்களைப் பொண்ணு கேட்டுறப் போறாங்க, பத்திரமா இருங்க."

"சீ, போடி!" முதுகுல ஒரு அடி. ஈரக்கை. ரெண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கலை. அன்னைக்குச் சாயங்காலம் அக்கா நிறைய மல்லிகைப்பூ வாங்கித் தலையில வச்சாங்க. அப்புறம் அக்கா மூஞ்சி சின்னதாச்சு. "தூரம்னு தெரிஞ்சா என்னைய மணவறைப் பக்கம் விட மாட்டாங்களே. எங்க மாமியாக்காரி தட்டையும் பாயையும் குடுத்து மூலையில உக்கார வச்சுருவாளே. தாரை வாக்கிறதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" அப்பத்தான் கெட்டிக்காரி வாயைத் திறந்தாள். "யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லாதீங்க, நான் சொல்ல மாட்டேன். துணியை எங்கிட்டப் போடுங்க, நான் அலசுறேன். கல்யாணம் முடியட்டும்கா." அலசினாள். பச்சைத்தண்ணியில உப்புப் போட்டு ஊறவச்சு, எலுமிச்சம்பழத்தோலைத் தேச்சு, கறை தெரியாம அலசினாள். கல்யாணம் முடிஞ்சுது. அக்கா பட்டுச்சேலை கட்டி, நிமிந்து நின்னு, மகள் கையில தண்ணி ஊத்தினாங்க, போட்டோவுல இருக்கு. அதுக்கப்புறம் மறுவீடு. அதுக்கப்புறம் ஆடிச்சீர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு முடியட்டும். நடுவுல விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்துது, அக்கா மெலிஞ்சுக்கிட்டே வந்தாங்க. "சம்பந்திக்காரி கண்ணு பட்டுருச்சு"ன்னு மாமியார் மிளகாய் சுத்திப் போட்டாங்க. ஜெயக்கொடிக்குத் தெரியும், கண்ணு இல்லைன்னு. தெரிஞ்சும் மிளகாய் எடுத்துக் குடுத்தாள். நெடி வரலை, கண்ணுதான்னு எல்லாரும் தலையை ஆட்டினப்ப அவளும் ஆட்டினாள்.

மதுரை ஆஸ்பத்திரி. பச்சைத் திரைச்சீலை. டாக்டரம்மா சின்ன வயசு, குரல் மெதுவு. "நின்னு ஒரு வருசம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் அது தூரம் இல்லைம்மா. அன்னைக்கே வந்து காட்டணும். நிறையப் பேருக்குப் பாத்தா ஒண்ணும் இருக்காது. உள்ள காஞ்சுபோனதுனாலயும் வரும், சின்னச் சதை வளந்தும் வரும், சரிபண்ணி அனுப்பிருவோம். ஆனா பாத்தாத்தான் எதுன்னு தெரியும். நீங்க பாக்கவே விடலையே." அந்த டாக்டரம்மாதான் சொன்னாள், காந்தலும் தூக்கமில்லாததும் கோவமும் எல்லாம் ஒரே கொடியில காய்க்கிறது, உடம்புல ஊறிக்கிட்டிருந்த ஹார்மோன் வத்துறதுனால வர்றது, பைத்தியம் இல்லை, திமிர் இல்லை, அதுக்கும் வைத்தியம் இருக்குன்னு. யாராவது முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமேன்னாள். முக்காலி ஞாபகம் வந்துது ஜெயக்கொடிக்கு. அப்புறம் அந்தக் கேள்வி. "இத்தனை மாசமா வீட்டுல யாருக்குமே தெரியாதா?" மூத்தவர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறார். வீட்டுக்காரர் நிக்கிறார். ஜெயக்கொடி மேல சுத்துற ஃபேனைப் பாத்தாள். ஃபேன்ல ஒரு றெக்கையில மட்டும் ஒட்டடை. சொல்லணும்னு நாக்கு மேல்வாய்க்குப் போச்சு. போனது அங்கயே ஒட்டிக்கிட்டது. கட்டில்லயிருந்து அக்கா சொன்னாங்க, "தெரியாது டாக்டரம்மா. நான் யார்கிட்டயும் சொல்லலை." சொல்லிட்டு ஜெயக்கொடி பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. அவ்வளவு தெளிவாப் பொய் சொன்னாங்க. கர்ப்பப்பையில புத்து முத்தி, அந்தத் தைக்கு முன்னால அக்கா போய்ச் சேந்தாங்க. மூத்தவர் ஒரு நாளும் எதுவும் கேட்கலை. கேட்கிற வழக்கமும் இல்லை. கொழுந்தன் பொண்டாட்டி மூத்தவர்கிட்ட நேருக்கு நேரா நின்னு பேச மாட்டாள், அந்த வீட்டுல அப்படி. என்ன சொல்லணும்னாலும் அக்கா வழியாத்தான் போகும். அக்கா போனதோட அந்த வழியும் போச்சு. இப்ப அவர் தினமும் கீழ கடையில தம்பிக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டுப் பேப்பர் பாக்கிறார். மத்தியானம் சோத்துத்தட்டை அனுசியாதான் கொண்டுபோய் வைப்பாள். "எம்பொண்டாட்டி வாயைத் திறந்து சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன்"னு ஒருநாள் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தது படிவழியா மேல கேட்டுது. அக்கா வாய் மேல பழி. செத்தவங்க வாய் மேல. ஜெயக்கொடி அன்னைக்குக் குழாயை நல்லாத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

வெயில் டேங்கு நிழலைச் சுருக்கிக்கிட்டே வந்துது. காலை மடக்கினாள். உச்சிப்பொழுது. கீழ பஜார் சத்தம், பஸ் ஹாரன், கடையில யாரோ அண்டாவைத் தட்டிப் பாக்கிற சத்தம், டங், டங். அப்பத்தான் பாத்தாள். கிழக்கால, குடைக்கு அந்தப் பக்கம், மூணாவது வரிசையோ என்னமோ, வத்தல் செவந்திருந்துது. செவந்துதான் இருந்துது. செம்பழுப்பா, வட்டமா, வத்தலுக்கு உள்ளயிருந்து தெரியுற மாதிரி. ஜெயக்கொடிக்கு உடம்பெல்லாம் ஒரு லேசு, வருசக்கணக்காச் சுமந்ததை இறக்கிவச்ச மாதிரி. தாயே. தூரம்தான். வெறும் தூரம்தான். சாக்கை விட்டு எந்திரிச்சு, முட்டி கடகடங்க, சுடுற தளத்துல வெறுங்காலோட ஓடினாள். குனிஞ்சாள். காய்ஞ்ச ஓரத்தைப் பிடிச்சு அந்த வத்தலை உரிச்சு எடுத்தாள். கையில வெள்ளையா இருந்துது. வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சாள், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியுற அளவுக்கு வெள்ளை. செவப்பு கீழ இருந்துது. துணியில. வத்தல் இருந்த இடத்துல. பக்கத்து வத்தலையும் உரிச்சாள். அதுவும் வெள்ளை, அதுக்குக் கீழயும் அந்தப் பழுப்பு. ஈரக்கூழ் ஊறவச்சதுல, வெயில் சுட்டதுல, துணிக்குள்ள அடங்கிக் கெடந்தது மேல எழும்பியிருந்துது. சேலையோட கரையைப் புரட்டிப் பாத்தாள். ஊதாக் கரை, பொடிக்கட்டம். எப்படி மறந்துபோனாள்? இந்தப் பாழாப்போற மறதி. புஷ்பக்கா சேலை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அக்கா கட்டியிருந்தது, இவள் கையாலயே உப்புப் போட்டு ஊறவச்சு எலுமிச்சம்பழம் தேச்சு அலசினது. கறை போயிருச்சுக்கா, யாருக்கும் தெரியாதுன்னு அக்காகிட்ட விரிச்சுக் காட்டினது. அக்கா போனதுக்கப்புறம் ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டப்ப இதை மட்டும் யாரும் எடுத்திரக் கூடாதுன்னு டிரங்குப்பெட்டிக்கு அடியில வச்சது.

அங்கயே உக்காந்துட்டாள், வத்தலுக்கு நடுவுல, வெயில்ல. கையிலயிருந்த வத்தல் மேல கண்ணீர் விழுந்து நடு குழைஞ்சுது. எல்லாம் வெள்ளை. மேற்கால பிழிஞ்சதும் வெள்ளை, கிழக்கால பிழிஞ்சதும் வெள்ளை. ரத்தத்தோட உக்காந்து பிழிஞ்சும் ஒண்ணுகூடச் செவக்கலை. அப்ப அக்கா தாரை வாத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஊருக்கே சொல்லிட்டு ஊத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. எதுக்கு ஒளிச்சோம்? எதைக் காப்பாத்த ஒளிச்சோம்? வத்தலையா? காக்கா மேற்கால இறங்கி ஒண்ணைக் கொத்திக்கிட்டுப் போச்சு. போகட்டும். டங், டங். கீழ அண்டா. அக்கா, தெரியாதுன்னு ஏன்க்கா சொன்னீங்க. தெரியும்னு சொல்லியிருந்தா அன்னைக்கே என் கன்னத்துல நாலு அறை விழுந்திருக்கும், இந்நேரம் ஆறியிருக்கும். பொங்கல் முடியட்டும்னு இன்னைக்குக் காலையில மறுபடியும் சொல்லியிருக்க மாட்டேன்.

"அத்தே! என்ன அத்தே வெயில்ல உக்காந்திருக்கீங்க? அத்தே!" அனுசியா படிமுனையில நின்னு பதறினாள். மோர்ச்செம்பு காலடியில அப்படியே இருந்துது. "தலை சுத்துதா? மாமாவைக் கூப்பிடவா?"

"மேல வா."

"நான் தூரம் அத்தே. வத்தல்..."

"வத்தலுக்கு ஒண்ணும் ஆகாது. நானும் காலையிலயிருந்து ரத்தத்தோடதான் பிழிஞ்சேன். பாரு, வெள்ளையாத்தான் கெடக்கு. வாடி, கையைக் குடு."

அனுசியா வாயைத் திறந்தவள் மூடலை. "உங்களுக்குத்தான் நின்னு..."

"ஆமா. அதனாலதான் கையைக் குடுன்னு சொல்றேன்."

அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் வத்தலைப் பாத்துது, மாமியாரைப் பாத்துது. அப்புறம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வரிசைக்கு நடுவுல நடந்துவந்து, தூக்கிவிட்டுது. கை ஜில்லுன்னு இருந்துது, மோர்ச்செம்பைத் தொட்ட கை. "மெதுவாப் போய் மாமாகிட்டச் சொல்லுறேன் அத்தே. கடையில ஆளு இருக்கு. பெரிய மாமாவும் இருக்காக. அவுக காதுல விழாம..."

"வேண்டாம்"னாள் ஜெயக்கொடி. "நீ காக்காவைப் பாரு."

கைப்பிடிச்சுவருக்குப் போனாள். சுவர் சுட்டுது. கீழ கடைவாசல்ல தவமணி ஒரு அம்மாவுக்கு அண்டாவைத் தட்டிக் காட்டிக்கிட்டிருந்தார். டீக்கடைப் பக்கம் ரெண்டு மூணு பேர். மூத்தவர் ஸ்டூல்ல பேப்பரோட. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, மாருக்கு நடுவுல தீக்குச்சி உரசுச்சு, கழுத்துக்கு ஏறுச்சு. ஏறட்டும்னு விட்டாள். "ஏங்க!" முதல் தடவை பஸ் சத்தத்துல அமுங்கிப்போச்சு. ரெண்டாவது தடவை வந்துது, பஸ் ஹாரனுக்கு மேல. "ஏங்க! எனக்கு நின்னு வருசம் தாண்டி மறுபடியும் ரத்தம் போகுது. மதுரைக்குப் போகணும். இன்னைக்கே. வண்டியை எடுங்க!" அண்டா தட்டுற சத்தம் நின்னுபோச்சு. டீக்கடை அண்ணாந்து பாத்துது. தவமணி கையில சுத்தியோட மேல பாத்தார், அந்த மூஞ்சியில வெக்கம் இல்லை, பயம்தான் இருந்துது. மூத்தவர் பேப்பரை மடிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டி, மெதுவாத் தலையைத் தூக்கினார். கெட்டிக்காரி கைப்பிடிச்சுவரை விட்டு நகரலை. கண்ணைத் துடைக்கலை, முந்தானையை இழுத்து முகத்தை மூடலை. கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து முதல் முறையா மூத்தவரை நேருக்கு நேர் பாத்து, "அத்தான்"னு கூப்பிட்டு, அக்கா சொல்லாம வச்சுட்டுப் போன மிச்சத்தையும் அதே சத்தத்துல சொன்னாள்.